நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டால் அளவு பார்க்க வேண்டாமா?

நொய்யல்கரை:
தைப்பொங்கலோடு எங்கள் வீட்டில் அஸ்காவை, அதாவது மில்லில் வரும் வெள்ளைச் சர்க்கரையை, நிறுத்திவிட்டோம். காபி, டீக்கு நாட்டுச்சர்க்கரை, குழந்தைகளின் சத்துமாவுக் கஞ்சிக்குக் கருப்பட்டி, காலையில் வெந்நீரில் தேன். பிரச்சினை என் மாமனாரிடம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இத்தனை நாள் சர்க்கரை போடாத டீ குடித்தவர், இப்போது "நாட்டுச்சக்கரைதான அம்மிணி, ஒண்ணும் பண்ணாது" என்று இரண்டு கரண்டி போடச் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் அவர் பக்கம். எனக்குப் போடவும் மனம் வரவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கவுந்தப்பாடி விவசாயி:
அக்கா, மாறியது நல்ல முடிவுங்க. எங்கள் ஊரில் இது எப்படித் தயாராகிறது என்று ஒரு தடவை வந்து பாருங்கள். கரும்பை ஆட்டிய சாறு கொப்பரையில் கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். மேலே கறுப்பாகத் திரண்டு வரும் அழுக்கை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றி, ஆற ஆறத் தேய்த்தால் பொலபொலவென்று உதிரும். அவ்வளவுதான் வேலை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் போகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மில் சர்க்கரையில் வெறும் இனிப்பு மட்டும்தான். இதில் கரும்பின் சத்து அப்படியே இருக்கிறது. எங்கள் அப்பாரு (தாத்தா) காலம் முழுக்க இதைத்தான் தின்றார், மாத்திரை என்று ஒன்றைத் தொட்டதில்லை.

சிறுவாணித்தண்ணி:
நான் கோவையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்ன தயாரிப்பு முறையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் "ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சை நம்பித்தான் பலர் எங்களிடம் வந்து நிற்கிறார்கள். அஸ்காவில் கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் முக்கால் பங்குக்கு மேல் அதே சர்க்கரைதான், மிச்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற வேறு சர்க்கரைகளும் ஈரமும் கொஞ்சம் தாதுவும். 100 கிராம் அஸ்காவில் சுமார் 400 கலோரி என்றால், வெல்லத்தில் 350 முதல் 385 வரை. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இரும்புச்சத்து என்கிறார்கள். 10 கிராம் வெல்லத்தில் ஒரு மில்லிகிராம் வந்தாலே அதிகம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. அதை வெல்லத்தில் தேடினால் வேறு நோய்தான் வரும். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறதே, கம்பஞ்சோறு ஆக்கலாமே!

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இது: சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டு கரண்டி போட்டு மூன்று வேளை டீ குடித்தாலே 30 கிராம் ஆகிவிடும். நொய்யல்கரை அக்கா, உங்கள் மாமனாருக்குப் போடாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கவுந்தப்பாடி விவசாயி:
சர்க்கரை நோய் உள்ளவருக்குப் போடச் சொல்லி நானும் சொல்லவில்லைங்க. ஆனால் எல்லாம் ஒன்று என்று நீங்கள் அடித்துப் பேசுவது சரியில்லை. நாட்டுச்சர்க்கரைக்கு ஒரு காரமான வாசம் உண்டு, கொஞ்சம் போட்டாலே நாக்கு போதும் என்கிறது. அஸ்கா அப்படி இல்லை, எத்தனை போட்டாலும் இன்னும் கேட்கும். அப்புறம், இதை வாங்கினால் காசு எங்கள் ஊர் விவசாயிக்கும் கொப்பரையில் நிற்கிற கூலியாளுக்கும் வருகிறது. அதுவும் ஒரு குடும்பத்தின் சாப்பாடுதானே?

சிறுவாணித்தண்ணி:
அண்ணா, கொஞ்சம் போட்டாலே போதும் என்பது உண்மையானால் எனக்குச் சந்தோஷம்தான். நான் பார்க்கிற வீடுகளில் நடப்பது வேறு. "இது நல்லது" என்று மனசு சமாதானமானதும் ஒரு கரண்டி இரண்டாகிறது. உங்கள் அப்பாரு ஏர் ஓட்டினார், வரப்பு வெட்டினார், ஏற்றம் இறைத்தார். அவர் தின்ற இனிப்பை உழைப்பு தின்றது. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் அளவுக்குத் தின்ன முடியாது.

பரமத்திக்காரன்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கடையில் வாங்குவது உண்மையிலேயே வெல்லம்தானா? அஸ்கா மலிவாக இருக்கும் சமயத்தில் அதையே மூட்டை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டிக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுகிறார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வெல்ல ஆலைகளில் சோதனை போட்டு அஸ்கா மூட்டைகளைப் பறிமுதல் செய்தது செய்தியிலேயே வந்தது. தப்பு ஆலைக்காரரிடம் மட்டும் இல்லை. ஏலத்தில் மஞ்சளாகப் பளபளக்கிற சிப்பத்துக்குத்தான் விலை ஏறுகிறது, கறுத்த வெல்லத்தைக் கேட்க ஆள் இல்லை. கருப்பட்டியிலும் இதே கதைதான். தெளுவு (பதநீர்) கிடைக்காத மாதத்தில் இத்தனை கருப்பட்டி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

கவுந்தப்பாடி விவசாயி:
இது உண்மைங்க, ஒழுங்காகக் காய்ச்சுகிறவனுக்கு இதுதான் பெரிய அடி. மஞ்சள் நிறத்தைக் கேட்காதீர்கள். தெரிந்த ஆலையில் நேரில் நின்று, கறுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை:
சீனித்துளசி (ஸ்டீவியா) பொடி போடலாம் என்று என் நாத்தனார் சொல்கிறார். அது சரியா?

சிறுவாணித்தண்ணி:
அது சர்க்கரையை ஏற்றாது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். உடல் எடையைக் குறைக்கலாம் என்று மட்டும் மற்றவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது, அதில் சீனித்துளசியும் அடக்கம். தேன் பற்றியும் ஒன்று: ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் நாக்கில் ஒரு துளிகூடத் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், அஸ்காவை நிறுத்திவிட்டோம் என்கிறீர்களே, வீட்டில் பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதா? பாலில் கலக்கும் பவுடர், பாட்டில் ஜூஸ்? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

நொய்யல்கரை:
இப்போதுதான் அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தேன். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் பவுடரில் இரண்டாவதாகவே சர்க்கரை என்று இருக்கிறது. நாளை முதல் அது கிடையாது, வெறும் பால்தான். தேன் தண்ணீரையும் நிறுத்துகிறேன். மாமனாரிடம் இந்த 25 கிராம் கணக்கைக் காட்டினேன். "அப்ப கச்சாயமும் கிடையாதா?" என்று நோம்பிக்குச் சுடும் இனிப்புப் பலகாரத்தைக் கேட்டார். வாரம் முழுக்க டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தால், நோம்பி (பண்டிகை) அன்றைக்கு ஒரு கச்சாயம் தரலாமா என்று அவருடைய டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். விவசாயி அண்ணா, அதற்குக் கறுத்த சர்க்கரை இரண்டு கிலோ வேண்டும். எந்த ஆலைக்கு வரட்டும்?