ப்ரீ-ஃபார்மசி கெமிஸ்ட்ரி: உண்மையில் எங்கே அடி விழுது?

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஃபார்ம்டி (மருந்தாளுநருக்கான டாக்டர் பட்டம்) படிக்கும் எண்ணத்தில், அதற்கு முந்தைய ப்ரீ-ஃபார்மசி படிப்பைத் தொடங்குறேன். முதல் வருஷம் ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, 2. அடுத்த வருஷம் ஆர்கானிக் 1, 2. நாலுக்கும் லேப் உண்டு. ஸ்கூல் கெமிஸ்ட்ரி ஓரளவு தெரியும், கணக்கு சுமார்தான். சீனியர்கள் எல்லாரும் ஆர்கானிக்னு சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறாங்க. எது நிஜமாவே கஷ்டம், ஆட்கள் எந்த இடத்தில் விழுறாங்க? ஆர்கானிக்கை சம்மரில் முடிக்கலாமா? ஒரு கோர்ஸில் சி வந்தா திரும்ப எடுத்துச் சரிபண்ணிக்க முடியுமா?

மோல்கணக்கு:
ஆர்கானிக்கைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. ஆனா அங்கே தேர்வில் கோட்டை விடுகிற பலருக்கும் ஓட்டை ஜென் கெம் 2-லேயே விழுந்திருக்கும், அதுவும் ஆசிட்-பேஸ் பகுதியில். அதை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு ஆர்கானிக் போனால், முதல் சில வாரங்களிலேயே பிகேஏ (ஒரு ஆசிட் எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்; எண் குறைந்தால் வலு அதிகம்) வந்து எதிரே நிற்கும்.

ஜென் கெம் 1-க்கு வேண்டிய கணக்கு அல்ஜீப்ராவும் அடுக்குக்குறியும்தான், கால்குலஸ் தேவையில்லை. தப்பு பெரும்பாலும் அலகில் நடக்கும். வாயுக் கணக்கில் ஆர் (வாயு மாறிலி) மதிப்பை அட்மாஸ்பியர் அலகுக்கான 0.08206 என்று போட்டுவிட்டு அழுத்தத்தை கிலோபாஸ்கலிலேயே விடுவது, வெப்பநிலையை செல்சியஸிலேயே வைப்பது, அந்த மாதிரி. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதி அடித்துக்கொண்டே வந்தால் பாதி மதிப்பெண் தப்பிக்கும். மெதுவாகத் தெரியும், ஆனா அதுதான் வேகம்.

ஜென் கெம் 2-இல் லாகரிதம் தண்ணிபட்ட பாடாக இருக்கணும். கைனெட்டிக்ஸ், ஈக்விலிப்ரியம், பஃபர், எலக்ட்ரோகெமிஸ்ட்ரி எல்லாவற்றிலும் அது வரும். ஒரு கணக்கைப் பாருங்க, இதை முழுசாகப் போடத் தெரிந்தால் அந்த யூனிட்டில் பயமில்லை.

குடுவையில் 100 மி.லி. அசெட்டிக் ஆசிட், 0.10 மோலார், கேஏ (ஆசிட் பிரியும் மாறிலி; அதன் மைனஸ் லாக்தான் பிகேஏ) 1.8 × 10⁻⁵. பியூரெட்டில் 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. 0, 50, 100, 110 மி.லி. ஊற்றிய பிறகு பிஎச் என்ன?

நாலும் ஒரே கேள்வி மாதிரி தெரியும். ஆனா நாலுக்கும் கணக்கு வேறு. ஒன்றும் ஊற்றாதபோது அது வெறும் பலவீனமான ஆசிட், பிஎச் 2.87. 50 மி.லி.யில் ஆசிட் பாதி, அசெட்டேட் பாதி, அதனால் பிஎச் அப்படியே பிகேஏ, 4.74. 100 மி.லி.யில் ஆசிட் முழுக்கத் தீர்ந்து அசெட்டேட் மட்டும் மிச்சம். இங்கேதான் கூட்டம் கூட்டமாக 7 என்று எழுதுவாங்க. அசெட்டேட் ஒரு பேஸ், அதனால் 7-க்கு மேலேதான் வரும். அது தெரிந்தவர்களிலும் சிலர் செறிவை 0.10 என்று போட்டு 8.87-க்குப் போயிடுவாங்க. மொத்தக் கரைசல் இப்போ 200 மி.லி., செறிவு 0.050, சரியான விடை 8.72. 110 மி.லி.யில் மிஞ்சிய ஹைட்ராக்சைடு மட்டும் பேசும்: 1.0 மில்லிமோல், 210 மி.லி.யில். பிஎச் 11.68.

ஃபார்முலாவைத் தேடுவதற்கு முன்னாடி, வினைக்கு முன், மாற்றம், வினைக்குப் பின் என்று மில்லிமோலில் ஒரு சின்ன அட்டவணை போடுங்க. குடுவையில் இப்போ என்ன மிச்சம் என்று தெரிந்த பிறகுதான் எந்தக் கணக்கு என்று முடிவு செய்யணும். நேரே ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் (பிகேஏ-வையும் பேஸ்-ஆசிட் விகிதத்தையும் வைத்து பிஎச் தருவது) குதிக்கிறவர்களுக்கு 100 மி.லி.யில் ஆசிட் பூஜ்யமாகி, சமன்பாடு கைவிரித்துவிடும்.

வளையம்:
மோல்கணக்கு சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஆர்கானிக்கில் மனப்பாடம் வேண்டும், ஆனா ஜனங்க தப்பான பட்டியலை மனப்பாடம் பண்றாங்க. முதலில் நெட்டுருப் போடவேண்டியது பத்துப் பதினைந்து பிகேஏ மதிப்புகள். உத்தேசமாகத் தெரிந்தால் போதும்: கார்பாக்சிலிக் ஆசிட் 5, ஃபீனால் 10, தண்ணீர் 15.7, எத்தனால் 16, கீட்டோனின் ஆல்ஃபா ஹைட்ரஜன் 20, டெர்மினல் ஆல்கைன் 25, அம்மோனியா 38, ஆல்கேன் 50.

இது எதுக்கு? எத்தாக்சைடை வைத்து டெர்மினல் ஆல்கைனிலிருந்து புரோட்டானைப் பிடுங்க முடியுமா என்று கேட்டால், எத்தனால் 16, ஆல்கைன் 25. ஒன்பது வித்தியாசம் நமக்கு எதிராக, அதாவது 10⁹ மடங்கு. நடக்காது. சோடியம் அமைடு போட்டால் நடக்கும், ஏன்னா அம்மோனியா 38. லீவிங் குரூப் (வினையில் மூலக்கூறை விட்டு விலகும் பகுதி) விஷயமும் இதேதான்: பலவீனமான பேஸ் சுலபமாக விலகும். ஹைட்ராக்சைடு அப்படி விலகாது, அதனால்தான் ஆல்கஹாலுக்கு முதலில் ஆசிட் போட்டு அதைத் தண்ணீராக வெளியேற்றுகிறோம்.

ஆர்கானிக் 1-இல் நிஜமான ரத்தக்களரி சப்ஸ்டிட்யூஷன்-எலிமினேஷன். எஸ்என்1, எஸ்என்2 (ஒரு குழுவுக்குப் பதில் இன்னொன்று ஏறுவது), இ1, இ2 (குழு விலகி இரட்டைப் பிணைப்பு உருவாவது) நாலையும் தனித்தனியாகப் படிக்கும்போது சுலபம். தேர்வில் நாலையும் கலந்து கொடுக்கும்போதுதான் தலை சுற்றும். முதலில் லீவிங் குரூப் இருக்கும் கார்பனைப் பாருங்க, அப்புறம் ரீஏஜென்ட், கடைசியில் சால்வென்ட். மூன்றாம் நிலைக் கார்பனில் (வேறு மூணு கார்பனோடு இணைந்தது) எஸ்என்2 கிடையவே கிடையாது: வலுவான பேஸ் இருந்தால் இ2, வெறும் மெத்தனாலில் விட்டால் எஸ்என்1, கூடவே கொஞ்சம் இ1. முதல் நிலையில் பெரும்பாலும் எஸ்என்2, ஆனா டெர்ட்-பியூட்டாக்சைடு மாதிரி பருத்த பேஸ் வந்தால் இ2. குழப்பம் இரண்டாம் நிலையில்தான். 2-புரோமோபியூட்டேனில் சோடியம் சயனைடு, டிஎம்எஸ்ஓ என்ற சால்வென்ட்டில்: எஸ்என்2, ஸ்டீரியோ மையம் (நாலு வெவ்வேறு குழுக்கள் உள்ள கார்பன்) தலைகீழாகும். அதே 2-புரோமோபியூட்டேனில் சோடியம் எத்தாக்சைடு, எத்தனாலில், சூடாக்கி: இ2, ட்ரான்ஸ்-2-பியூட்டீன் முதன்மை. ஏன் இந்த வேறுபாடு? எச்சிஎன் பிகேஏ 9 பக்கம், எத்தனால் 16. சயனைடு பேஸாக சுமார், நியூக்ளியோஃபைலாக (எலக்ட்ரான் கொடுத்துக் கார்பனைத் தாக்குவதாக) நல்லது. மறுபடியும் அந்தப் பட்டியல்தான்.

வினை நடக்கும் விதத்தை வரையும்போது அம்புக்குறி எப்பவும் எலக்ட்ரானிலிருந்து புறப்படணும். எச்-பிளஸ்ஸிலிருந்து அம்பு கிளம்பினால் திருத்துகிறவர் அங்கேயே வெட்டிவிடுவார். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கார்பனிலும் எத்தனை பிணைப்பு என்று எண்ணுங்க. ஐந்து பிணைப்புக் கார்பன் பரீட்சைத்தாளில் தாராளமாகத் திரியும்.

ஸ்டீரியோகெமிஸ்ட்ரிக்கு (மூலக்கூறின் முப்பரிமாண அமைப்பு) மாலிக்யூல் மாடல் கிட் வாங்கிடுங்க, தாளில் பார்த்துத் திருப்பிப் பழகுவது வீண் வேலை. ஃபார்மசிக்குப் போகிறவர்கள் இந்த அத்தியாயத்தைக் கடனே என்று படிக்கக் கூடாது. ஐபுப்ரோஃபெனில் வலிக்கு வேலை செய்வது, கண்ணாடிப் பிம்பம் மாதிரியான இரண்டு வடிவங்களில் முக்கியமாக எஸ் வடிவம். தாலிடோமைடில் ஒரு வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் உடம்புக்குள் போய் இரண்டும் கலந்துவிடும்.

லேப்கோட்டு:
ரெண்டு பேரும் பாடத்தைச் சொல்லிட்டீங்க. என் கருத்து கொஞ்சம் வேறு: பாடம் புரிந்தவர்களுக்கும் கிரேடு போவது நேரத்தில். லேப் பெரும்பாலும் ஒரே ஒரு கிரெடிட், ஆனா வாரத்தில் மூணு மணி நேரத்தை விழுங்கும். ப்ரீ-லேப், ரிப்போர்ட் தனி. கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் மூணு லேபையும் ஒரே செமஸ்டரில் போட்டால் லெக்சருக்குப் படிக்க நேரமே இருக்காது. ரெண்டோடு நிறுத்துங்க.

லேபில் என்ன தப்பாகும் என்பதற்கு, அநேகமாக எல்லாரும் செய்யும் ஆஸ்பிரின் சோதனையைப் பாருங்க. சாலிசிலிக் ஆசிட் 2.0 கிராம், அசெட்டிக் அன்ஹைட்ரைடு 5.0 மி.லி., சில சொட்டு கந்தக அமிலம். சாலிசிலிக் 0.0145 மோல், அன்ஹைட்ரைடு 0.053 மோல், ஆக முதலில் தீர்வது சாலிசிலிக். அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 2.6 கிராம். சிலர் 3 கிராம் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதுவாங்க. அது ஆஸ்பிரின் இல்லை, ஈரம். வடிகட்டி இன்னும் உலரவிடணும். அளவு குறைந்தால் பெரும்பாலும் ரீகிரிஸ்டலைசேஷனில் சால்வென்ட் அதிகம் ஊற்றியதுதான் காரணம், இல்லாட்டி ஐஸ் தண்ணிக்குப் பதில் சாதாத் தண்ணியில் கழுவியது. ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டால் ஊதா வருதா? சாலிசிலிக் இன்னும் மிச்சம் இருக்கு. உருகுநிலை 135 டிகிரி பக்கம் கூர்மையாக இருக்கணும், கீழே இறங்கி அகலமாக வந்தால் கலப்படம். இந்தக் காரணங்களை எழுதினால்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பெண். "மனிதத் தவறு" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் கிடைக்காது.

சம்மர் ஆர்கானிக்: 15 வாரப் பாடத்தை 5 வாரத்தில் திணித்தால் மூணு மடங்கு வேகம். வேறு கோர்ஸும் வேலையும் இல்லை என்றால் மட்டும் எடுங்க. கம்யூனிட்டி காலேஜில் எடுப்பதாக இருந்தால், நீங்க விண்ணப்பிக்கப்போகும் ஃபார்மசி ஸ்கூல் அதை ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க. ஏபி கெமிஸ்ட்ரி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கிரெடிட்டுக்கும் இதே பதில்.

திரும்ப எடுப்பது பற்றி: பல ஃபார்மசி ஸ்கூல்கள் முன்தேவைக் கோர்ஸ்களில் குறைந்தது சி கேட்கும், சி-மைனஸ் செல்லாது. உங்க காலேஜ் பழைய கிரேடை ஜிபிஏ-விலிருந்து (கிரேடு சராசரி) எடுத்துவிட்டாலும், விண்ணப்பங்களை வாங்கும் ஃபார்ம்காஸ் ரெண்டு தடவையையும் சேர்த்துத்தான் கணக்கிடும். 4 கிரெடிட் கோர்ஸில் முதலில் சி (2.0), பிறகு ஏ (4.0) என்றால் அதன் சராசரி 3.0. பிசிஏடி நுழைவுத் தேர்வும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. நல்ல ஸ்கோரைக் காட்டி சுமாரான கிரேடை ஈடுகட்டும் வழி இப்போ இல்லை. முதல் மிட்டெர்மில் நிலைமை மோசம் என்றால் டிராப் கடைசித் தேதியைப் பாருங்க. ஒரு டபிள்யூ (கோர்ஸிலிருந்து விலகியதற்கான குறி), டி கிரேடை விட எவ்வளவோ மேல்.

புதுவரவு:
ரொம்ப நன்றி. வளையம் அக்கா, ஒரு சந்தேகம். ரியாக்‌ஷன்களுக்கு ஃபிளாஷ் கார்டு போடவே வேண்டாமா? சிந்தசிஸ் கேள்விக்கு எப்படித் தயாராவது?

வளையம்:
கார்டு போடுங்க, தப்பில்லை. முன்பக்கம் தொடக்கப் பொருளும் ரீஏஜென்ட்டும், பின்பக்கம் விளைபொருள் மட்டுமில்லாமல் அம்புக்குறிகளும் ஸ்டீரியோவும். பார்த்துத் தலையாட்டாதீங்க, வெள்ளைத்தாளில் வரைந்துவிட்டு அப்புறம் திருப்புங்க. விடைப்புத்தகத்தைக் கூடவே திறந்து வைத்துப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், தேர்வில்தான் கை நிற்கும்.

சிந்தசிஸை விளைபொருளிலிருந்து பின்னோக்கிப் போடணும். முதல் வேலை கார்பனை எண்ணுவது. உதாரணமாக, அசெட்டிலினிலிருந்து சிஸ்-3-ஹெக்சீன் செய்யச் சொன்னால் ஆறு கார்பன், இரட்டைப் பிணைப்பு நடுவில், ரெண்டு பக்கமும் எத்தில். அப்போ அசெட்டிலினின் ரெண்டு கார்பன் நடுவில், பக்கத்துக்கு ஒரு எத்தில் புரோமைடு. சோடியம் அமைடு, எத்தில் புரோமைடு, மறுபடி அதே ரெண்டும், கிடைப்பது 3-ஹெக்சைன். அதற்கு ஹைட்ரஜனும் லிண்ட்லர் கேட்டலிஸ்ட்டும் போட்டால் சிஸ். அந்தக் கடைசிப் படியில் சோடியமும் திரவ அம்மோனியாவும் போட்டால் ட்ரான்ஸ் வந்து மதிப்பெண் போகும்.

இதே கேள்வியில் எத்திலுக்குப் பதில் ஐசோபுரொப்பைல் வேண்டும் என்று திருப்பிவிடுவாங்க. உடனே ஐசோபுரொப்பைல் புரோமைடை எழுதாதீங்க. அசெட்டிலைடு (புரோட்டானை இழந்த அசெட்டிலின்), பிகேஏ 25 உள்ள ஆசிட்டின் பேஸ். இரண்டாம் நிலைக் கார்பனைப் பார்த்தால் பெரும்பாலும் இ2 நடந்து புரொப்பீனாகப் போயிடும். முதல் நிலை ஹேலைடு அமையும்படி வேறு இடத்தில் வெட்டி யோசிக்கணும்.

மோல்கணக்கு:
கணக்கு சுமார் என்று சொன்னீங்க இல்லையா, அதுக்கு ஒன்று. வகுப்பு தொடங்குவதற்கு முன்னாடியே ரெண்டு விஷயத்தைக் கையில் பழகிடுங்க: 10-இன் அடுக்குகளைக் கால்குலேட்டரில் தப்பில்லாமல் அடிப்பது, லாக் போட்டதைத் திரும்ப எடுப்பது. பிஎச் 4.74 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.8 × 10⁻⁵ என்று சட்டென்று வரணும். 1.8 பெருக்கல் 10 என்று தனித்தனியாக அடிக்காமல் இஇ பொத்தானைப் பயன்படுத்துங்க, அடைப்புக்குறி விட்டுப்போய் வரும் தப்புகள் எல்லாம் அதிலேயே நின்றுவிடும். புரோகிராமபிள் கால்குலேட்டரைப் பல இடங்களில் தேர்வுக்கு உள்ளே விடமாட்டாங்க, அதனால் சிலபஸைப் பார்த்துவிட்டு வாங்குங்க.