ஓடாத ஸ்டாண்டர்டு கேசல்: நாலு லட்சத்தில் முடியுமா?

(பழைய கார் பிரியர்கள் குழுவில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்.)

ஞாயிறு ஓட்டம்
சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த பழைய நாலு கதவுக் கார் கேசல். 1974 மாடல் ஒன்று விலைக்கு வருகிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஷெட்டில் நின்ற வண்டி. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. ஆர்சி புத்தகம் இருக்கிறது, புதுப்பிக்கவில்லை. பின்கதவுக் கண்ணாடி ஒன்று இல்லை. வண்டி விலை போக, வேலைக்கு 4 லட்சம் ஒதுக்கீடு: இன்ஜின் 80 ஆயிரம், டிங்கர் வேலையும் பெயிண்டும் 1.75 லட்சம், பிரேக்கும் சஸ்பென்ஷனும் 50, சீட் 40, வயரிங் 25, சில்லறை 30. எது விடுபட்டிருக்கிறது?

தகரக்கை
தலைப்புகள் சரி, எதற்கு எவ்வளவு என்பதுதான் தப்பு. எல்லோரும் பயப்படுவது இன்ஜினுக்கு. கேசலில் அதுதான் மலிவு. சிலிண்டர் விட்டம் (போர்) 63 மிமீ, பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 76 மிமீ, 948 சிசி. கேசலுக்கு மூலமான இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டு காரில் ஓடிய அதே இன்ஜின். பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்திலிருந்து இன்றும் வரவழைக்கலாம்.

பணம் போகும் இடம் "டிங்கர் வேலையும் பெயிண்டும்" என்ற அந்த ஒரே வரி. அதற்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. ஹெரால்டு குடும்பமே தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்த வண்டி. நடுவில் ஓடும் இரண்டு நீளச் சட்டம் பெரும்பாலும் தப்பித்துவிடும். பக்கவாட்டில் கிளம்பி பாடியைத் தாங்குகிற கைகளும் டிக்கிக்கு அடியில் போகும் நீட்டமும்தான் உள்ளிருந்து அரிக்கும். வெளியே கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால், ஆறு மாதத்தில் கதவு இடைவெளி மாறி, பூட்டு விழாது.

ஆகவே பாடியை இறக்கத்தான் வேண்டும். இறக்குவதற்கு முன் கதவுத் திறப்புகளில் குறுக்கே ஒரு இஞ்ச் சதுரக் குழாயை டாக் வெல்டு (பிறகு எடுத்துவிடக்கூடிய பொட்டு வெல்டு) போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாலு கதவு பாடி வாழை இலை மாதிரி மடங்கும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுத் துண்டுகள் எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, படம் எடுத்து, தனித்தனிப் பையில் போடுங்கள். கதவு இடைவெளியே அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. ஒரு பை தொலைந்தால் டிங்கருக்கு மூன்று நாள் கூலி கூடுதல்.

சாண்ட் பிளாஸ்ட், அதாவது மணலைப் பீய்ச்சித் துரு எடுப்பது, சேசிஸுக்கு மட்டும். கூரை, பானெட், கதவுத் தோலை அதில் விட்டால் அலை அலையாக நெளிந்துவிடும். அதை மறைக்கப் பட்டி, பட்டிக்கு மேல் பட்டி. மெல்லிய தகரத்துக்கு பெயிண்ட் ரிமூவரும் கைவேலையும்தான். சென்னைக் காற்றில் பிளாஸ்ட் செய்த இரும்பு ராத்திரி தாண்டக் கூடாது, அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏறவேண்டும். பிளாஸ்ட் ஒரு ஊரிலும் பெயிண்ட் ஒரு ஊரிலும் என்றால் நடுவில் வருகிற துருவுக்கு இன்னொரு தடவை காசு.

இந்த ஒரு வரிக்கு மட்டும் மூன்றரை லட்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடட்டும் முதல்ல
தகரக்கை அண்ணே, நீங்க சொல்ற ஒவ்வொரு வேலையும் சரி. வரிசைதான் ஆளைக் கவுத்துடும். பாதியில நிக்கிற பழைய வண்டிகளைப் பாருங்க: பாடி ஒரு மூலையில, சேசிஸ் ஒரு மூலையில, உதிரி எல்லாம் சாக்குல. காசு தீர்ந்ததால மட்டும் நிக்கல, எந்த போல்ட் எங்க போகும்னு தெரிஞ்ச மெக்கானிக் கடையை மாத்திட்டுப் போனதாலயும்தான் நிக்குது. வண்டி நிக்கிற இடத்துக்கு மாச வாடகை வேற. அது யார் கணக்குலயும் வராது.

முதல் செலவு பிரேக்குக்கு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் பிரிச்சுப் பாருங்க. பத்து வருஷம் நின்னதுல உள்ளே குழி விழுந்திருக்கும். புது ரப்பர் மட்டும் போட்டா ரெண்டு வாரத்துல திரும்ப ஒழுகும். லேத்துல கொடுத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உறைக் குழாய்) போட்டுட்டா இறக்குமதி வேண்டாம். ரப்பர் ஹோஸ் எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க.

ரெண்டாவது பெட்ரோல். டேங்கை இறக்கி, சுத்தம் பண்ணி, உள்ளே கோட்டிங் போடுங்க. இப்ப பம்புல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கிற டயஃப்ரமும் (ரப்பர் சவ்வு) அதுல ஊறி, உப்பி, கிழியும். கிழிஞ்ச டயஃப்ரம் வழியா பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல இறங்கினா பேரிங் போச்சு. எத்தனாலுக்குத் தாங்குற ஹோஸ் ரெண்டு மீட்டர் வாங்குறதுக்கு சோம்பல் பட்டு இன்ஜினை இறக்க வேண்டாம்.

டயர் கவலை இல்லை. 13 இஞ்ச் ரிம்முக்கு 145/80 சைஸ் கடையில கிடைக்குது.

இதுக்குள்ள வண்டி ஓடிடும். ஒரு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினப்புறம் கியர்பாக்ஸ் எப்படி, சூடு எப்படின்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டு பாடியைத் தொடுங்க. அண்ணன் சொல்ற மாதிரி முதல்லயே மூன்றரை லட்சத்தைத் தகரத்துல கொட்டிட்டு, பளபளன்னு பெயிண்ட் அடிச்ச பாடிக்குள்ள இருந்து செயின் பிளாக் போட்டு கியர்பாக்ஸ் இறக்குறதைப் பார்த்தா வயிறு எரியும்.

தகரக்கை
ஓடட்டும் தம்பி, "ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்" என்று நின்ற ஹெரால்டு குடும்ப வண்டிக்குச் சொல்லும்போது முன் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? கீழ் ட்ரன்னியன், அதாவது ஸ்டியரிங் ஒடிக்கும்போது முன் சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டு. பித்தளைக் கட்டிக்குள் மரை வெட்டியிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டான வெர்ட்டிகல் லிங்க் அதற்குள் திருகிக்கொண்டு திரும்பும். அதற்குப் போடவேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். நம்ம ஊரில் எண்ணெய் விடும் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத்தான் வைப்பார்கள். கிரீஸ் அடிப்பகுதி வரை இறங்காது. இறுகிப்போய் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரையில் துரு ஏறும், ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது லிங்க் பட்டென்று ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த வண்டிகளுக்கு இது பழைய, பேர்போன வியாதி.

ஆகவே ஓட்டும் முன் இரண்டு பக்கமும் பிரித்து, மரையைக் கண்ணால் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி ஆர்டர் போட்டால் கூரியர் காசு வீண். பூட்டும்போது முழுக்கத் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்துங்கள். அடி தட்டவிட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுசாக ஒடியாது.

ஓடட்டும் முதல்ல
ட்ரன்னியன் விட்டுப்போச்சு, ஒத்துக்கிறேன். பிரேக்குக்கு முன்னாடி அதுதான். ஆனா அதுக்கு பாடியை இறக்க வேண்டாம், ஜாக்கி போட்டே செய்யலாம். என் கட்சி மாறல.

ஆர்சி புத்தகம்
நீங்கள் இருவரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். விடுபட்ட தலைப்பு காகிதம். 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்சி புதுப்பிப்பு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டியதற்கு 10,000. அது சின்னத் தொகை. தாமதத்துக்கு மாதம் 500 என்று விதியில் இருக்கிறது. பத்து வருஷம் என்றால் 120 மாதம், 60,000. எந்த மாதத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பசுமை வரி தனி. புத்தகத்தில் இருப்பவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று வேலையும் சேரும்.

கேட்டவர் வண்டி 1974. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டதால் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் (ஐம்பது வருஷப் பழைய வண்டிக்கான) விதியிலும் பதியலாம். புதுப் பதிவு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் விஏ எழுத்து வரும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினை மாற்றியமைத்திருந்தால் தகுதி போய்விடும். பாகம் கிடைக்கவில்லை என்று வேறு கம்பெனி இன்ஜினைச் சொருகுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அங்கே மிச்சம் பிடித்த காசு இங்கே ஒரு கதவை மூடிவிடுகிறது.

தகரக்கை சார் சொன்ன பிளாஸ்டில் ஒரு எச்சரிக்கை: சேசிஸ் நம்பர் அடித்த இடத்தையும் நம்பர் தகட்டையும் மறைக்காமல் விட்டால் எழுத்து தேய்ந்துவிடும். பிறகு பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவது) எடுக்க வந்தால் வெறும் காகிதம்தான் வரும். மூன்று சுற்று டேப், அதற்கு மேல் ஒரு ரப்பர் துண்டு. பத்து ரூபாய் வேலை.

ஓடட்டும் முதல்ல
விண்டேஜ் நம்பர் வாங்கினா ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் பண்ண, அவ்வளவுதான் ரோட்டுக்கு வரலாம். கேட்டவர் பேரே ஞாயிறு ஓட்டம். மகாபலிபுரம் போய் டீ குடிச்சிட்டு வர்றதுக்கு அந்த நம்பர் உதவாது. சாதாரணப் புதுப்பிப்புதான் அவருக்குச் சரி.

ஆர்சி புத்தகம்
அது நியாயம். இருந்தாலும் அசலாக வைத்திருந்தால் பின்னாளில் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

அரை இஞ்ச் ஸ்பானர்
"இங்கிலாந்தில் எல்லாம் கிடைக்கும்" என்ற நம்பிக்கைதான் கேசல்காரர்களின் பெரிய செலவு. ஹெரால்டு இங்கிலாந்தில் இரண்டு கதவு வண்டி. நாலு கதவு சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது மட்டும்தான். பின்கதவுத் தோல், அதன் கண்ணாடி, கண்ணாடி ஓடும் சேனல், கதவு ரப்பர் எதையும் அங்கே கேட்கவே முடியாது. கேசல் 1972 முதல் 1977 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த வண்டி. ஹெரால்டு மார்க் 3 நாலு கதவு உடைந்த வண்டி ஏதாவது சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிச் சந்தையில் மாட்டினால் கதவைப் பொருத்திப் பார்க்கலாம்.

பின்கதவுக் கண்ணாடி தட்டையாக இருப்பது ஒரு நல்ல காலம். நல்ல பக்கத்துக் கண்ணாடியை வைத்து அட்டையில் வடிவம் வெட்டி, கண்ணாடி வெட்டுகிறவரிடம் லேமினேட்டட் கண்ணாடியில் கேளுங்கள். அட்டையைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம். டஃபன்டு (சூளையில் கடினமாக்கிய) கண்ணாடி வேண்டுமென்றால் முதலில் வெட்டி, விளிம்பு தேய்த்து, பிறகுதான் சூளைக்கு அனுப்பவேண்டும். சூளை ஏறினதை வெட்ட முடியாது. முன்கண்ணாடிதான் வளைந்தது. அதில் கீறல் இருந்தால் பேரத்தை அங்கேயே ஆரம்பியுங்கள்.

அடுத்தது பின் ஆக்சில். ஹெரால்டில் இரண்டு பக்கமும் தனித்தனியே ஆடும் ஆக்சில். அது நம்ம ஆட்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேசலில் நேர் ஆக்சில் போட்டார்கள். ஓட்ட நல்லது, பாகம் தேட நரகம். ஹெரால்டு கேட்டலாக்கைப் பார்த்து பின்பக்கச் சாமான் எதையும் ஆர்டர் போடாதீர்கள். பேரிங்கைக் கழற்றி, வெளி வளையத்தில் இருக்கும் நம்பரைப் படித்து சென்னை ஜிபி ரோட்டு உதிரிக் கடைகளில் கேளுங்கள். ஆயில் சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் வெர்னியரில் அளந்து கொண்டுபோனால் போதும். ஆக்சில் ஷாஃப்ட், கிரவுன் பினியன் (பின் ஆக்சிலின் பல்சக்கர ஜோடி) போனால்தான் தலைவலி. வாங்குவதற்கு முன்பே பின் டிரம்மைக் கழற்றி ஷாஃப்ட் ஸ்ப்ளைனை (முனையில் வெட்டிய பற்களை) பாருங்கள்.

கிரில், பின் விளக்கு, எழுத்துப் பட்டை இருக்கிறதா, முழுசா? அது இல்லாத வண்டியை நான் இலவசமாகக்கூட யோசித்துத்தான் எடுப்பேன். துத்தநாக வார்ப்புச் சாமான் பொரிந்துபோயிருந்தால் குரோம் பிடிக்காது. ஆசிட்டில் போட்டால் பொரி வெடித்துப் பள்ளமாகும். பள்ளத்தைத் தாமிரம் ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி என்று ஒவ்வொன்றாக நிரப்பவேண்டும். பம்பர் குரோம் கூலியைவிட ஒரு சின்னக் கைப்பிடிக்கு அதிகம் ஆவது இதனால்தான்.

ஞாயிறு ஓட்டம்
கிரில் இருக்கிறது. பின் விளக்கில் ஒன்று உடைசல். இன்ஜினுக்கு 80 ஆயிரம் அதிகமா, குறைவா?

தகரக்கை
வாங்கும் முன் இரண்டு நிமிஷ வேலை: ஒருவர் கிளட்சை அழுத்தட்டும், ஒருவர் இன்ஜின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) பார்க்கட்டும். புல்லி முன்னால் தள்ளுகிறதா? 0.1 முதல் 0.2 மிமீ ஆட்டம் இருந்தால் சரி. கண்ணுக்கே தெரிகிற மாதிரி நகர்ந்தால் பின் பேரிங்கில் இருக்கும் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது கழன்று அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்திருக்கிறது. விழுந்த பிறகும் ஓட்டியிருந்தால் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்றிருக்கும். அப்போது 80 போதாது. வாஷர் மட்டும் என்றால் சம்ப்பை இறக்கியே மாற்றலாம், காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கவேண்டும்.

ஈயமில்லாத பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடின வளையம் (வால்வு சீட் இன்சர்ட்) போட்டுவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டை இறக்கும்போதே.

ஓடட்டும் முதல்ல
இதைத்தான் சொல்றேன், தேவையில்லாத செலவு! ஞாயித்துக்கிழமை அறுபதுல போற வண்டிக்கு வால்வு சீட் தேய்ஞ்சு உள்வாங்க வருஷக்கணக்காகும். வால்வு இடைவெளி அடிக்கடி குறைஞ்சுக்கிட்டே வந்தா அப்ப போடலாம். இரும்பு ஹெட்டுல ஆழமா வெட்டி உள்ளே தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட்டை ஓட்டை போட்ட லேத்துக்காரங்க உண்டு. அப்புறம் ஹெட்டுக்கு எங்க போவீங்க?

தகரக்கை
லேத்தை மாற்று, வேலையை விடாதே.

அரை இஞ்ச் ஸ்பானர்
இன்னொரு விடுபட்ட வரி: வெளிநாட்டு ஆர்டர். சாமான் விலை, விமானக் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வரும்போது விலைப்பட்டியலைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான சாமானுக்கு இரண்டு மடங்கு. தனித்தனியாக ஐந்து பார்சல் போடாமல், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து முடித்த பிறகு ஒரே பார்சலாகப் போடுங்கள். ஓடட்டும் சொல்கிற வரிசையில் போனால் ஐந்து பார்சல்தான் வரும். நான் தகரக்கை பக்கம் நிற்க ஒரே காரணம் அதுதான்.

ஞாயிறு ஓட்டம்
திருத்திய கணக்கு: இன்ஜின் 80, தகரமும் பெயிண்டும் 3.5 லட்சம், பிரேக், சஸ்பென்ஷன், ட்ரன்னியன் 75, சீட் 40, வயரிங் 25, காகிதம் 75, குரோமும் கண்ணாடியும் 40, கூரியர், சுங்கம் 40, நிறுத்த வாடகை 25. மொத்தம் 7.5 லட்சம். விற்பவர் கேட்கும் விலையில் பாதிதான் சொல்லப்போகிறேன். சனிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு போகிறேன்.

ஓடட்டும் முதல்ல
ஜாக்கியும் எடுத்துட்டுப் போங்க. முன் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார்க்கணும். விற்கிறவர் வேண்டாம்னு சொன்னார்னா அங்கயே விலை இன்னும் இறங்கும்.

தகரக்கை
முதலில் ஸ்க்ரூ டிரைவர். சேசிஸ் தாங்காத இடத்தில் ஜாக்கி வைத்தால் அதுவும் உள்ளே போகும்.