கிடாக்குட்டிக்குப் புண்ணாக்கை நிறுத்தலாமா? அசோலா போதுமா?

காங்கயம் பட்டி:
வணக்கமுங்க. மேச்சேரி இனச் செம்மறிக் கிடாக்குட்டி 30 வெச்சிருக்கறேன். பால் மறந்த குட்டிங்க, ஒவ்வொண்ணும் 11, 12 கிலோ. பக்ரீத்துக்குக் கொடுக்கோணும். கடலைப் புண்ணாக்கு விலை தாங்க முடியலைங்க. குட்டிக்கு நாளுக்கு 250 கிராம் அடர்தீவனம் வெக்கறேன், அதுல 70 கிராம் புண்ணாக்கு. அதை எடுத்துட்டு, தண்ணியில மிதந்து வளர்ற அசோலாங்கற சின்னச் செடியப் போட்டரலாம்னு நாலு தொட்டி கட்டிட்டேன். புரதம் நூத்துக்கு 25ங்கறாங்க. சரியா வருமுங்களா?

கரிசல் கிடை:
தம்பி, அவசரப்பட்டு எடுத்துராதீங்க. அந்த 25 காய்ஞ்ச எடைக்குச் சொல்ற கணக்கு. ஒரு கிலோ பச்சை அசோலாவை மொட்டை மாடியில சாக்கு விரிச்சுக் காயப்போட்டு நானே நிறுத்துப் பாத்தேன், 60 கிராம் நின்னுச்சு. ரெண்டு கைக்குள்ள அடங்கிரும். அதுல புரதம் 15 கிராமுக்கு உள்ளதான். அதே புரதம் 35 கிராம் கடலைப் புண்ணாக்குல இருக்கு. நீங்க எடுக்கப்போற 70 கிராமுக்கு ஈடா ஒரு குட்டிக்கு ரெண்டு கிலோ பச்சை அசோலா வேணும். 30 குட்டிக்கு ஒரு நாளுக்கு 60 கிலோ. நாலு தொட்டி எந்த மூலைக்கு?

பசுந்தீவனம்:
அண்ணே, உங்க கணக்கை மறுக்கல. ஆனா தராசுல நிக்குறது மட்டும் பலன் இல்ல. ரெண்டு வருஷமா குட்டிக்கு அரைக் கிலோ போடுறேன், மேல் ரோமம் மினுமினுன்னு இருக்கு. செலவு சாணியும் தண்ணியுந்தான். புண்ணாக்கை நம்பி நான் பட்டது போதும். ஐப்பசி மழையில வாங்கின மூட்டையைப் பிரிச்சா உள்ள பச்சையாப் பூசணம். உதுத்துட்டுப் போட்டேன். பத்து நாள்ல குட்டிங்க தீனிய மோந்துட்டு ஒதுங்க ஆரம்பிச்சிருச்சு. மூணு குட்டி எலும்புந்தோலுமாப் போச்சு. அந்தக் கடைக்காரர் இன்னிக்கு வரைக்கும் ஒரு மூட்டை மாத்தித் தரல.

கரிசல் கிடை:
அது பெரிய கொடுமைதான். பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்துரும், உதுத்தாலும் போகாது. அதுக்குப் புண்ணாக்கைப் பாத்து வாங்கணும், தரையில போடாம பலகை மேல அடுக்கணும். அதுக்காக அசோலாவை அதுக்குச் சமம்னு சொன்னா புதுசா வர்றவங்க நட்டப்படுவாங்க, அதத்தான் தாங்க முடியல.

மாத்து வேணும்னா வேலிமசால் போடுங்க, அறுக்க அறுக்கத் தழையுற தீவனச் செடி அது. ஒரு கிலோ பச்சையில புரதம் 40 கிராமுக்குக் கொறையாது. விதைத் தோல் கெட்டி, அப்படியே தூவினா முளைக்காது. தண்ணியைக் கொதிக்கவெச்சு இறக்கி, கொஞ்சம் சூடு தணிஞ்சதும் விதையை அஞ்சு நிமிஷம் போட்டு வடிச்சு, ராத்திரி பூரா பச்சைத் தண்ணியில ஊறவெச்சு விதைங்க. 90 நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளைக்கு ஒருக்கா.

காங்கயம் பட்டி:
90 நாளுங்களா! அதுக்குள்ள பக்ரீத்தே வந்துருமுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு யூரியா கலக்கச் சொல்றாரு. அடர்தீவனத்துல நூத்துக்கு ஒண்ணு போட்டா புண்ணாக்கைப் பாதியாக் கொறைக்கலாம்ங்கறாரு.

கால்நடை மாணவி:
அண்ணா, யூரியா புரதம் இல்லை. அதிலிருக்கிற நைட்ரஜனை எடுத்து இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள்தான் புரதமாக்கும். அதற்கு மக்காச்சோளம் மாதிரி மாவுச்சத்து கூடவே இருக்கணும். நூற்றுக்கு ஒன்று என்பது வளர்ந்த ஆட்டுக்கு, அதுவும் கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்கி, தூளாக்கி ஒரே சீராகக் கலந்த பிறகு. பால் மறந்து சில நாளே ஆன குட்டிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வறுக்காத பச்சை சோயாவோடு யூரியாவைச் சேர்த்தால் அம்மோனியா வேகமாகக் கிளம்பி நஞ்சாகும்.

இன்னொன்று: மாட்டுக்கு வாங்கின தாதுஉப்பைக் குட்டிக்குப் போடாதீங்க. அதில் தாமிரம் அதிகம், செம்மறிக்கு ஆகாது.

கரிசல் கிடை:
அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க தம்பி. நான் யூரியாவைக் கையால கலந்து ரெண்டு கிடாவைப் பறிகொடுத்தவன். கட்டி உடையாம ஒரு ஓரமாத் தங்கிருச்சு. வயிறு ஊதி, வாயில நுரை தள்ளி, நடுங்கிக்கிட்டே விழுந்துச்சு. வினிகரும் பச்சைத் தண்ணியும் ஊத்தணும்னு அப்ப எனக்குத் தெரியல.

காங்கயம் பட்டி:
யூரியா வேண்டாமுங்க, விட்டுட்டேன். 15 குட்டிக்குப் பழையபடி 70 கிராம் புண்ணாக்கு. மீதி 15க்கு 50 கிராம் புண்ணாக்கோட தொட்டியில வர்ற அசோலா, வரப்போரத்து அகத்தித் தழை. ஞாயித்துக்கிழமை காலைல தீனி வெக்கறதுக்கு முன்னாடி எடை போட்டு இங்கயே எழுதறனுங்க.

பசுந்தீவனம்:
எழுதுங்க, எனக்கும் தெரியணும். அசோலாவை மூணு தண்ணி அலசி, சல்லடையில வடியவிட்டு, தவிட்டோட பிசைஞ்சு போடுங்க. சாணி வாடை இருந்தா குட்டி மூஞ்சியத் திருப்பிக்கும், அப்புறம் அசோலா மேல பழி போட்டுருவீங்க.