ஹைவேவிஸ் பஸ்ஸில் என் பையை மடியில் வைத்திருந்த அம்மா

அரைடிக்கெட்:
மதுரை ஆரப்பாளையத்தில் ஏறி சின்னமனூரில் இறங்கி, மேகமலைத் தேயிலைத் தோட்ட ஊரான ஹைவேவிஸுக்கு வண்டி பிடிக்கிற கதையை, பஸ் பயணம் பற்றிய இந்த இழையில் எல்லோரும் எழுதியாயிற்று. ஆண்டிபட்டி கணவாய்க் காற்றில் தூங்கிப்போய், கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் சின்னமனூரில் இறங்கினேன். அதோடு அந்தப் பகுதி முடிந்தது.

மேலே போகும் வண்டியில் நிற்கத்தான் இடம். முதுகில் இருந்த பெரிய பை, நான் திரும்பும்போதெல்லாம் யார் முகத்திலாவது இடித்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, “இங்கிட்டு குடுய்யா” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் காலடியில் அரிசிப் பை, அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்காய். 18 கொண்டைஊசி வளைவுக்கும் பூப்பெயர்ப் பலகை உண்டே, அதை எண்ணிக்கொண்டே போனேன். மூடுபனியில் பாதி விட்டுப்போயிற்று.

வளைவுகள் முடிந்து தேயிலை தொடங்கிய பிறகு டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். ரோட்டின் குறுக்கே காட்டெருமைகள், நாலைந்து இருக்கும். இருட்டுகிற நேரம். போனை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினேன். ஃபிளாஷ் எரியும் என்று யோசிக்கவில்லை. அந்த அம்மா சட்டென்று உள்ளங்கையால் போனை மூடிவிட்டார். விரலெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் தேயிலைக் கறை. “அதுக கண்ணுல அடிக்காதய்யா” என்றார், பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில்.

அவை அவசரமே இல்லாமல் இடப்பக்கச் சரிவில் இறங்கிப் போயின. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, அந்த அம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். வீடும் இல்லை, விளக்கும் இல்லை. அவை இறங்கிய அதே இடப்பக்கம்தான் நடந்தார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது கண்டக்டரிடம் விசாரித்தேன். “அரிசியும் முருங்கக்காயும் வச்சிருந்தவுகளா? வண்டி முழுக்க அவுகதான சார்” என்றார். அந்த இடம் யாருக்காவது தெரியுமா?

வைகைக்கரை:
அது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. காட்டெருமை வேறு விலங்கு, அஸ்ஸாம் பக்கம் இருப்பது. நம் மலையில் இருப்பதைத்தான் சங்கப் பாட்டில் ‘ஆமா’ என்றார்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருந்ததா? இருந்தால் சந்தேகமே வேண்டாம். எனக்கும் வருசநாட்டுப் பக்கம் ஒன்று நடந்தது, அப்புறம் எழுதுகிறேன்.

கூடலூர்க்காரன்:
அண்ணன் பெயரைத் திருத்தட்டும், நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 மே 27, கம்பத்துக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை வந்த நாள். மதுரையிலிருந்து குமுளி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் முதுகுப்பையோடு இரண்டு பையன்கள். தேக்கடியில் யானை தெரியுமா தெரியாதா என்று உசிலம்பட்டியிலிருந்தே பந்தயம் கட்டிக்கொண்டு வந்தார்கள். உத்தமபாளையம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. அதற்குள் எல்லோர் போனிலும் வீடியோ வந்துவிட்டது, கம்பத்துத் தெருவில் யானை ஓடுகிறது. பையன்களுக்கு ஒரே சிரிப்பு.

எனக்கு முன்சீட்டில் ஒரு பெண். அவருடைய அம்மா கம்பத்தில் தனியாக இருக்கிறார் போல. “கதவச் சாத்தும்மா, மொட்டமாடிக்குப் போகாத, கதவச் சாத்திட்டியா?” அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்று நினைக்கிறேன், அதையே இருபது தடவையாவது கத்திச் சொன்னார். பையன்களின் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. ஒருவன் எழுந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினான். அவர் பார்க்கவே இல்லை. நீட்டிய கையோடு அவன் நின்றதுதான் எனக்கு மறக்கவில்லை.

அந்த யானையைக் கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜூன் 5 மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். அதற்கும் நெடும்பயணம்தான்.

பெரியகுளத்தார்:
நான் போனபோது ஒன்றும் நடக்கவில்லை, அட்டை மட்டும் கடித்தது. ஆனால் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். பின்சீட்டில் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். சின்னமனூரில் வயிறு முட்டப் புரோட்டா தின்றுவிட்டு வளைவு ஏறாதீர்கள், ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மேலே போய்ப் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள், பிய்த்து எடுக்காதீர்கள். மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம், சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அரிசிச் சாக்கு, மண்ணெண்ணெய் கேன் பக்கத்தில் பையை வைக்காதீர்கள், நாற்றம் போகாது. ஏறின உடனே பக்கத்து சீட்டில் பையைப் போட்டுவிடுங்கள், கடைசி வரை நெரிசல் இல்லாமல் போகலாம். கம்பளிக்கு...

அரைடிக்கெட்:
ஐயா, நான் வழி கேட்கவில்லை. அந்த அம்மாவைக் கேட்டேன்.

கொழுந்து:
நான் அந்த மலையில் லைன் வீட்டில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் வளர்ந்தவள், இப்போது மதுரையில் இருக்கிறேன். அரைடிக்கெட், லைன் வீடுகள் சில இடங்களில் ரோட்டுக்குக் கீழே சரிவு மடிப்பில் இருக்கும், பஸ்ஸில் இருந்தால் தெரியாது. இறங்கினதும் ஒரு சத்தம் கொடுப்போம், கீழேயிருந்து யாராவது டார்ச் அடித்துக்கொண்டு ஏறி வருவார்கள். இன்ஜின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. எல்லா நாளும் ஆள் வருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மா பல நாள் தனியாகத்தான் இறங்கி நடந்தார்.

பெரியகுளத்தாரே, அந்த அரிசிச் சாக்கு எங்களுடையது. பன்னிரண்டாவது படிக்கும்போது ஹாஸ்டலிலிருந்து காய்ச்சலோடு ஊருக்குப் போனேன். நிற்கத்தான் இடம். ஜன்னலோரம் ஒரு அண்ணன் வாய் பிளந்து தூங்குகிறார், பக்கத்து சீட்டில் அவருடைய பை, மேலே சுருட்டிக் கட்டிய பாய். ஒவ்வொரு வளைவிலும் பை சரியும். விழுந்துவிடக் கூடாதே என்று நான்தான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தேன். நான் இறங்கும்போது கண் விழித்தார், பை கீழே விழாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு “தேங்க்ஸ்மா” என்றார். நல்ல மனிதர்தான். எழுப்பியிருந்தால் உடனே எடுத்திருப்பார். நான் ஏன் எழுப்பவில்லை என்றுதான் தெரியவில்லை.