'உஸ்' என்று போன கேஸ்: ஏசி, பிரிட்ஜ், ஐஸ் பிளாண்ட் வேலையில் நடந்தவை

சேலம், ஏசி சர்வீஸ்

பத்தொன்பது வருஷமாக ஏசி வேலை பார்க்கிறேன். முதல் பதினோரு வருஷத்தில் ஒரு மிஷினிலிருந்துகூட, உள்ளே ஓடிக் குளிர வைக்கும் கேஸைப் பிடித்து வைத்ததில்லை. பழைய ஏசியைக் கழற்ற வேண்டுமென்றால் சர்வீஸ் வால்வைத் திறந்துவிட்டு, 'உஸ்' சத்தம் அடங்கும்வரை ஓரமாக நிற்போம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். என்னிடம் வேலை கற்க வந்த பையன்களுக்கு நானும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

2017ல் மத்திய அரசின் ஓசோன் செல் திட்டத்தில் நடந்த டெக்னீஷியன் பயிற்சிக்குப் போயிருந்தேன். பயிற்சியாளர் பலகையில் நாலு வரி எழுதினார். ஆர்-22 என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ வெளியே போனால் 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. ஆர்-32 என்றால் 675. ஆர்-290, அதாவது புரொப்பேன், வெறும் 3.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேலை டைரிகளை எடுத்தேன். கூலிக் கணக்குக்காக எழுதி வைத்தவை. கழற்றிய மிஷின்களை மட்டும் எண்ணினேன். 612 வந்தது. மிஷினுக்கு ஒரு கிலோ ஆர்-22 என்று வைத்தால்கூட ஆயிரத்து நூறு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். என் இரண்டு கையால் செய்தது அது. அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வீட்டுக்காரர்களிடம் டன் கணக்குச் சொல்வதில்லை, அவர்களுக்கு அது பிடிபடுவதில்லை. ஒன்றரை டன் 410ஏ மிஷினில் சுமார் 1.2 கிலோ கேஸ் இருக்கும். மொத்தமும் வெளியே போனால் இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. லிட்டருக்கு ஐம்பது ஓடும் பைக்கில் சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய எண்பது முறை போய்த் திரும்பினால் எவ்வளவு புகையோ, அதை ஐந்து நிமிஷத்தில் மொட்டை மாடியில் விட்டுவிடுகிறோம். இப்படிச் சொன்னால் உடனே புரிகிறது.

"410ஏ மிஷினில் ஓசோனுக்குக் கெடுதல் இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டிக்கரில் பொய் இல்லை. ஓசோனை அரிப்பது குளோரின். மொலினா, ரோலண்டு என்ற விஞ்ஞானிகள் 1974ல் அதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். இரண்டே வருஷத்தில் ஓசோனை அரிக்கும் கேஸ்களை நிறுத்த மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. அதன்படிதான் பழைய பிரிட்ஜ் கேஸான ஆர்-12 போனது, ஆர்-22வும் போய்க்கொண்டிருக்கிறது. 410ஏயில் குளோரின் கிடையாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது ஆர்-22வைவிட மோசம். அதைக் குறைக்கத்தான் 2016ல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். 2021ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. 2028ல் இந்த வகை கேஸ்களின் அளவுக்கு உச்சவரம்பு வருகிறது. 2032லிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047ல் 85 சதவீதம் குறைத்திருக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது: இடம் மாற்றும் மிஷின் என்றால் பம்ப் டவுன் செய்து, கேஸை அவுட்டோர் யூனிட்டிலேயே அடைத்து எடுத்துப் போகிறேன். கழித்துக் கட்டும் மிஷின் என்றால் ரெக்கவரி மிஷின் போட்டு சிலிண்டரில் இறக்குகிறேன். சிலிண்டர் தராசு மேல்தான் நிற்க வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. சேலம் வெயிலில் உள்ளே இருக்கும் திரவம் விரியும், விரிய இடமில்லாவிட்டால் சிலிண்டர் வெடிக்கும். கடையில் வாங்கும் யூஸ் அண்டு த்ரோ சிலிண்டரில் திரும்ப ஏற்றுவது கூடவே கூடாது. 22க்கு ஒரு சிலிண்டர், 410ஏக்கு வேறு சிலிண்டர். கலந்த கேஸ் யாருக்கும் உதவாது.

மற்றவர்களும் எழுதுங்கள். நல்லது நடந்திருந்தாலும் கெட்டது நடந்திருந்தாலும்.

கோயம்புத்தூர், இன்ஸ்டலேஷன்

அண்ணன் பம்ப் டவுன் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில்தான் எனக்கு வலது காது போனது.

2019 ஏப்ரல். இரண்டாவது மாடி பால்கனி, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் நாலு மிஷின் இடம் மாற்ற வேண்டும். மெல்லிய பைப்பின் வால்வை மூடிவிட்டு மிஷினை ஓட்டினோம். அழுத்தம் காட்டும் கேஜ் இறங்கிக்கொண்டிருந்தபோதே நேரம் மிச்சமாகும் என்று கூட வந்த பையன் தடித்த பைப்பை மிஷினோடு இணைக்கும் ஃபிளேர் நட்டைத் தளர்த்திவிட்டான். நான் தடுக்கவில்லை. கம்ப்ரசர் கேஸுக்குப் பதிலாகக் காற்றை இழுக்க ஆரம்பித்தது. உள்ளே ஆயில் ஆவியாக இருக்கிறது, காற்று வருகிறது, கம்ப்ரசர் அதை அழுத்திக்கொண்டே போகிறது, வெளியே போக வழியில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். கம்ப்ரசர் பிளந்து மேல் தகடு எதிர்ச் சுவரில் போய் அடித்தது. பையனுக்குத் தோளில் பதினான்கு தையல். உயிர் தப்பியது அவன் ஒரு பக்கமாகக் குனிந்திருந்ததால் மட்டும்தான்.

ஏசி கம்ப்ரசர் வெடித்து மெக்கானிக் பலி என்று பேப்பரில் பார்த்தால் கேஸ் தீப்பிடித்தது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். 22வும் 410ஏயும் சாதாரணமாகத் தீப்பிடிக்காத கேஸ்கள். உள்ளே போன காற்றுதான் எமன்.

அதனால் இப்போது நான் கேஜ் மாட்டாமல் பம்ப் டவுன் செய்வதில்லை. முள் பூஜ்யத்தை நெருங்கும்போதே தடித்த பைப் வால்வை மூடி உடனே பவரை நிறுத்த வேண்டும். பவர் நின்ற பிறகுதான் ஸ்பேனர் நட்டில் படலாம். லைனில் எங்காவது லீக் இருப்பது தெரிந்தால் பம்ப் டவுனே வேண்டாம், அந்த ஓட்டை வழியாகவும் காற்று போகும். அங்கே ரெக்கவரி ஒன்றுதான் வழி.

லீக் பார்க்க நைட்ரஜன் மட்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சும்மா கிடக்கிறது என்று அதை ஏற்றிப் பார்த்த இடம் எனக்குத் தெரியும். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிகுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பிகளா.

சென்னை, வீட்டு உபயோகிப்பாளர்

நான் மெக்கானிக் இல்லை, பள்ளி ஆசிரியை. மூன்று கோடை தொடர்ந்து 'கேஸ் குறைஞ்சிருக்கு மேடம்' என்று டாப்-அப் போட்டார்கள். மூன்று முறையும் பணம் கொடுத்தேன். நாலாவது முறை வேறொருவர் வந்தார், வயசானவர். "ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாதும்மா, குறைஞ்சா எங்கேயோ ஓட்டை இருக்கு" என்றார். சோப்பு நுரை தடவினார். இன்டோர் பக்கம் ஒரு நட்டில் குமிழ் வந்தது. பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக கேஸ் போடவே இல்லை. மூன்று வருஷமாக நான் பணம் கொடுத்து வானத்துக்கு விட்டிருக்கிறேன் என்பது மேலே சேலத்துக்காரர் எழுதியதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது. எங்களுடையது ஆர்-32. முன்பு வந்தவர் 410ஏ சிலிண்டரைக் கொண்டுவந்தாரா, வேறெதையாவது கொண்டுவந்தாரா, நான் கேட்டதே இல்லை. இப்போது யார் வந்தாலும் சிலிண்டரில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்கிறேன், தராசு கொண்டுவந்திருக்கிறீர்களா என்றும் கேட்கிறேன்.

தூத்துக்குடி, ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர்

எங்களுக்கு 22ம் கிடையாது, 410ம் கிடையாது. அம்மோனியாதான். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, பூமியைச் சூடாக்குவதும் இல்லை, இரண்டிலும் பூஜ்யம். ஆனால் ஆளைக் கொல்லும். இருபத்தாறு வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன், இன்றைக்கும் பயந்துதான் நிற்கிறேன்.

அம்மோனியா காட்டிக்கொடுத்துவிடும், அது ஒரு நல்ல குணம். ஒரு பொட்டு கசிந்தாலும் மூக்கு சொல்லும். எந்த இடம் என்று தேட நாங்கள் கந்தகத் திரி கொளுத்திப் பிடிப்போம், கசிவு உள்ள இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். பைப் எல்லாம் இரும்பு. செம்பும் பித்தளையும் வைத்தால் அரித்துவிடும்.

ரொம்ப ஆபத்தான வேலை எது என்று கேட்டால் பழைய ஆட்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: ஆயில் இறக்குவது. கம்ப்ரசர் ஆயில் அம்மோனியாவோடு போய் அடியில் தங்கும், அவ்வப்போது இறக்க வேண்டும். குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் மெதுவாக வடியும். வால்வைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஆயில் தீர்ந்ததும் பின்னாலேயே திரவ அம்மோனியா பீறிடும். அப்புறம் அந்த வால்வை மூட யாரும் பக்கத்தில் போக முடியாது. எங்கள் பிளாண்டில் 2008ல் ஒரு ராத்திரி இதுதான் நடந்தது. என்னோடு வேலை பார்த்தவர் கண்ணில் பட்டது. நல்ல வேளை, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. கத்தக் கத்தக் கண்ணிமையைப் பிரித்துப் பிடித்து இருபது நிமிஷம் தண்ணீர் விட்டோம், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பார்வை இருக்கிறது, மங்கலாக.

அதற்குப் பிறகு கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு போடச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினேன். ஆயில் இறக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், முகமூடி கழுத்தில் தொங்க வேண்டும். தரையில் திரவமாகக் கொட்டிக் கிடந்தால் அதன் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது, குப்பென்று ஆவியாகிவிடும். காற்றில் பரவும் ஆவிக்குத்தான் தண்ணீர்த் திரை. ஓட வேண்டி வந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும், ஈரத்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு.

லண்டன், யாழ்ப்பாணத்தவர்

நான் இங்க சூப்பர்மார்க்கெட் குளிர்பெட்டி வேலை செய்யிறன். காஸ் வேலைக்கான எஃப்-காஸ் சான்றிதழ் இல்லாமல் காஸ் லைனில கை வைக்கேலாது. வந்த புதிசில, ஊரில செய்த பழக்கத்தில ஹோஸைக் கழட்டிக் காஸை வெளிய விடப் பாத்தன். மேற்பார்வையாளர் ஓடிவந்து வால்வைப் பூட்டிப்போட்டு ஒண்டும் பேசாமல் நிண்டார். அந்த முகம் இண்டைக்கும் நினைவிருக்கு.

பெரிய குளிர்பெட்டித் தொகுதிகளில எத்தனை கிலோ ஏத்தினது, எத்தனை கிலோ எடுத்தது எல்லாம் எழுதி ஐந்து வருசம் வச்சிருக்க வேணும். இங்க கடைகளில கூடுதலாக இருந்தது ஆர்-404ஏ. அது ஒரு கிலோ 3,922 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமன். 2020இலிருந்து பத்துக் கிலோவுக்கு மேல அது உள்ள தொகுதிகளுக்குப் புதுக் காஸ் விட அனுமதி இல்லை, மீட்டெடுத்துச் சுத்தப்படுத்தின காஸ் மட்டும்தான். அதால பழைய காஸுக்கு மதிப்பு வந்திட்டுது. ஒருத்தரும் இப்ப காத்தில விட மாட்டினம்.

ஈரோடு, பிரிட்ஜ் ரிப்பேர்

சுருக்கமாகச் சொல்கிறேன். புது பிரிட்ஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும், ஆனால் அது சமையல் கேஸின் உறவுக்காரன். அறைக் காற்றில் 1.8 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும். நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பைப்பை வெல்டிங் டார்ச்சால் கழற்றினேன். புருவமும் முன்முடியும் போய்விட்டன, முழங்கையில் தழும்பு இருக்கிறது. இப்போது முதலில் ஜன்னலைத் திறப்பேன், பைப்பைக் கட்டரால்தான் வெட்டுவேன், நைட்ரஜன் ஓட்டிக் கழுவுவேன். டார்ச் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு கோபம். பழைய 22 ஏசியில் விலை மலிவு என்று புரொப்பேனை ஏற்றிவிட்டு ஸ்டிக்கர்கூட ஒட்டாமல் போகிறார்கள். புரொப்பேன் நல்ல கேஸ், அதற்கென்றே தயாரித்த ஏசி 2012லேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் ஸ்விட்ச், ரிலே எல்லாம் தீப்பொறி வெளியே வராதபடி அமைத்திருக்கிறார்கள், கேஸ் அளவும் குறைவு. 22 மிஷின் அப்படிக் கட்டியதல்ல. அடுத்து அதைத் திறக்கப் போகிறவன் 22 என்று நம்பி டார்ச் பிடிப்பான்.

சேலம், ஏசி சர்வீஸ்

கோவைத் தம்பி எழுதியதை என் பையன்கள் மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருவன் போன வாரம் அதே மாதிரி நட்டைத் தளர்த்தியதாக ஒப்புக்கொண்டான்.

லண்டனில் 404ஏக்கு நடந்தது நமக்கு 22ல் நடக்கப் போகிறது. 2030க்குள் புதிய 22 ஏறக்குறைய இல்லாமல் போகும், வீடுகளில் பழைய மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்குப் பிடித்து வைப்பவனிடம்தான் அன்றைக்கு கேஸ் இருக்கும்.

ரெக்கவரி மிஷின் விலை அதிகம் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். உண்மைதான், ஒரு சின்னக் கடைக்குத் தாங்காது. நாங்கள் நாலு கடை சேர்ந்து ஒன்று வாங்கினோம். சுவரில் மாட்டிய காலண்டரில் யாருக்கு எந்த நாள் என்று எழுதி வைத்திருக்கிறோம். சேலத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், வாடகை வேண்டாம். உங்கள் சிலிண்டரை மட்டும் கொண்டு வாருங்கள். இந்த வாரம் மிஷின் அம்மாபேட்டைக் கடையில் இருக்கிறது.