டபிள்யூஆர்எக்ஸ்: 17 அங்குல வீல்லிருந்து 19-க்குப் போகலாமா? பழைய வீல் செட் ஒன்று விலைக்கு வருது

மேற்கு_401 (மிசிசாகா)

வண்டி 2018 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் செடான், ஆறு கியர் மேனுவல். வண்டியோட வந்த வீல் 17×8 (விட்டம், அகலம், அங்குலத்தில), ஆஃப்செட் (ரிம் அகலத்தோட நடுவிலிருந்து, வண்டியில ஒட்டற முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்குங்கிறது) +55, டயர் 235/45 ஆர்17 (அகலம் மி.மீ.-ல, பக்கச் சுவர் அதில எத்தனை சதவீதம், ரிம் விட்டம்). வீல் ஆர்ச்சுக்குள்ள பார்க்க சின்னதாத் தெரியுது, அதனால பெரிசு போடணும்னு ஆசை.

பின்சக்கர டிரைவ் கூப்பே ஒன்றிலிருந்து கழற்றின அலாய் செட் நல்ல விலைக்கு வருது. முன் 19×8.5 +35, பின் 19×9.5 +35, பி.சி.டி. (நட் துளைகளோட எண்ணிக்கையும் அவை இருக்கிற வட்டத்தோட விட்டமும்) 5×114.3. டயர் முன்னாடி 245/35 ஆர்19, ஏறக்குறைய புதுசு. பின்னாடி 265/30 ஆர்19, சுமார் 3 மி.மீ. தேய்ஞ்சிருக்கு. சஸ்பென்ஷனைத் தொடப் போறதில்லை. தினமும் 401 நெடுஞ்சாலையில ஓட்டம், குளிர்காலத்திலும் இதே வண்டிதான்.

இது அப்படியே மாட்டலாமா? இல்லைன்னா என்ன சைஸ் பார்க்கணும்? கடையில கேட்டா "பி.சி.டி. ஒண்ணுதான், உட்காரும்"னு மட்டும் சொல்றாங்க.

நட்டுபோல்ட்

உட்காரும், ஆனா ஓட்டக் கூடாது. இந்த செட்டை விட்டுடுங்க.

உங்க வண்டியில நாலு வீலும் சென்டர் டிஃபரென்ஷியல் (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற பல்சக்கரத் தொகுதி) வழியா ஒண்ணோட ஒண்ணு கோர்த்திருக்கு. அதனால நாலு டயரோட சுற்றளவும் ஒண்ணா இருக்கணும். சுபாரு அனுமதிக்கிற வித்தியாசம் கால் அங்குலம், அதாவது சுமார் 6.4 மி.மீ. விட்டத்தில 2 மி.மீ., டயர் தேய்மானத்தில வெறும் 1 மி.மீ.

இப்ப உங்க செட்டைக் கணக்குப் போடுங்க. 245/35 ஆர்19-ன் விட்டம் 654.1 மி.மீ., 265/30 ஆர்19-ன் விட்டம் 641.6. சுற்றளவில 39 மி.மீ. இடிக்குது. பின் டயர் 3 மி.மீ. தேய்ஞ்சதால இன்னும் 19 மி.மீ. சேருது. மொத்தம் 58, அனுமதியைப் போல ஒன்பது மடங்கு. தேய்மானத்தைக் கணக்கில எடுக்காம ரெண்டும் புதுசுன்னே வச்சாலும், 100 கி.மீ. வேகத்தில ஒரு மணி நேரத்துக்குப் பின் சக்கரம் முன் சக்கரத்தை விட சுமார் 950 சுற்று கூடுதலாச் சுத்தும்.

மேனுவல் வண்டியோட சென்டர் டிஃபரென்ஷியல்ல விஸ்கஸ் கப்ளிங் இருக்கு. அடுக்கடுக்கா மெல்லிய தட்டுகள், நடுவில சிலிகான் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில சுத்துற வரைக்கும் அது சும்மா இருக்கும். ஐஸ்ல ஒரு பக்கம் வழுக்கி வேகம் மாறினா திரவம் சூடேறி இறுகி மறுபக்கத்துக்கு விசையைக் கடத்தும். சில விநாடி வேலைக்குச் செஞ்ச பொருள் அது. சுற்றளவு மாறின டயரைப் போட்டா நேர் ரோட்டிலும் ஓயாம வேலை செய்யும். சூடு தாங்காம நிரந்தரமா இறுகிடும். அப்புறம் பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா ஊர்ந்தா, யாரோ பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடுற மாதிரி வண்டி திக்கித் திக்கிப் போகும். அந்த அளவுக்கு வந்துட்டா டயர் மாத்தி சரியாகாது, கியர்பாக்ஸைப் பிரிக்கணும்.

"சரி, நாலுக்கும் 245/35 மாட்டிடறேன்"னு தோணும். 8.5-லயும் 9.5-லயும் அந்த டயர் உட்காரும்தான். ஆனா ரிம் அகலம் வேற வேற, அதனால முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி மாத்திப் போட முடியாது. ரொட்டேஷன் இல்லாட்டி முன்னும் பின்னும் வேற வேற வேகத்தில தேயும், கொஞ்ச மாசத்தில அதே 1 மி.மீ. பிரச்சினை திரும்ப வரும். இந்த வண்டிக்கு நாலு ரிம்மும் ஒரே அகலம், ஒரே ஆஃப்செட், நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். 8,000-லிருந்து 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்பின் மாத்திடுங்க.

எக்ளின்டன்_சில்லு (ஸ்கார்பரோ)

மேலை சொன்னது முழுக்கச் சரி. நான் 19 பற்றி மட்டும் சொல்லுறன் தம்பி.

உங்கடை 235/45-இன்ர பக்கச் சுவர் 106 மி.மீ. உயரம். 245/35-இல அது 86. ரண்டு சென்ரிமீற்றர் காத்துத்தான் போகுது எண்டு நினைக்காதேங்கோ, பள்ளத்துக்கை விழேக்கை ரிம்மைக் காப்பாத்துறது அந்த ரண்டு சென்ரிமீற்றர்தான். மார்ச் மாதத்திலை ரொறன்ரோ றோட்டு எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே. பகல் தண்ணி வெடிப்புக்குள்ளை இறங்குது, இரவு உறைஞ்சு விரியுது, அடுத்த நாள் லொறி ஏறத் தார் பெயர்ந்து போகுது. கூர் விளிம்புள்ள பள்ளம். 19 சில்லு அதிலை விழுந்தால் உள் விளிம்பு நெளியும், இல்லையெண்டால் ரயரின்ர பக்கத்திலை முட்டை மாதிரி ஒரு வீக்கம் வரும். வீக்கம் வந்த ரயரை ஒட்ட ஏலாது. ஒண்டை மட்டும் புதுசாப் போட்டால் சுற்றளவுப் பிரச்சினை, அதாலை நாலும் மாத்திற நிலைமை. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற காருக்கு ஒரு பள்ளத்தின்ர விலை அது.

18 போடுங்கோ. 245/40 ஆர்18-இலை 98 மி.மீ. பக்கச் சுவர் இருக்கு. வடிவாவும் இருக்கும், அடியும் தாங்கும்.

பழைய ரிம் வாங்கிறதெண்டால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதேங்கோ. திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கோ. நெளிவு, வெடிப்பு, ஒட்டு வைச்ச அடையாளம் எல்லாம் அங்கைதான் இருக்கும். வெளியிலை பழைய பெயின்ற், உள்ளுக்கு மட்டும் புதுப் பெயின்ற் எண்டால் விட்டிட்டு வாங்கோ. பலன்ஸ் மெஷினிலை ரயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுழட்டச் சொல்லுங்கோ, விளிம்பு ஆடுறது கண்ணுக்கே தெரியும். ஜேடபிள்யூஎல், விஐஏ எண்ட ஜப்பான் தர முத்திரை இருக்கோ எண்டு தேடுங்கோ. ஒரு ரிம் எவ்வளவு கிலோ தாங்கும் எண்டும் வார்ப்பிலை அடிச்சிருப்பாங்கள். கதவுத் தூணிலை இருக்கிற ஸ்ரிக்கரிலை அச்சுக்கான எடை போட்டிருக்கும். கூடின அச்சின்ர எடையிலை பாதியை விட ரிம்மின்ர கணக்குக் கூட இருக்கவேணும். ரயரின்ர பக்கத்திலை டொட் (DOT) எழுத்துகளுக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச கிழமையும் வருஷமும். 2319 எண்டால் 2019-இன்ர 23-ஆம் கிழமை.

இன்னொண்டு. 17-ஐ விக்காதேங்கோ. அதுதான் உங்கடை ஸ்னோ ரயருக்கான ரிம்.

மேற்கு_401

ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த செட் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

18-ன்னு முடிவு. எல்லாரும் 18×9.5 +38 போடறாங்க, படத்தில அருமையா இருக்கு. அதுவா, இல்ல 18×8.5 +45-ஆ? டயர் 245/40-ஆ 235/40-ஆ? வீட்டில ஹோண்டா சிவிக்கோட பழைய அலாய் நட் ஒரு செட் இருக்கு, அதுவும் 5×114.3 வண்டிதான், அது ஆகுமா? கடையில மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

நட்டுபோல்ட்

நட்டை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுதான் ஆபத்து. ஹோண்டா நட் எம்12×1.5, சுபாரு எம்12×1.25. கையால ரெண்டு மூணு சுற்று ஏறும், அப்புறம் பிடிக்கும். அந்த இடத்தில இம்பாக்ட் கன்னை வச்சா ஸ்டட்டோட (நட் ஏறற, வண்டியிலிருந்து நீட்டியிருக்கிற போல்ட்) மரை செத்துடும். எம்12×1.25, 60 டிகிரி கூம்பு நட் இருபது புதுசா வாங்குங்க. வெளிக் கம்பெனி அலாய்ல நட் துளை ஒடுக்கமா இருக்கும், அதனால சாவி வச்சுத் திருகற மெலிசான நட் தேவைப்படலாம். அப்படின்னா அந்தச் சாவி எப்பவும் வண்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்து ஆஃப்செட். அகல வித்தியாசத்தில பாதி, அதோட ஆஃப்செட் வித்தியாசம். இந்த ரெண்டையும் கூட்டினா வெளிப்பக்கம் எவ்வளவு நீளுதுன்னு வரும், கழிச்சா உள்பக்கம்.

18×8.5 +45: அரை அங்குலத்தில பாதி 6 மி.மீ., ஆஃப்செட் 10. வெளியே 16 மி.மீ. நீளும், உள்ளே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பக்கம் 4 மி.மீ. இடம் கூடும். ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) உயரத்தில ஃபெண்டரோட ஒட்டி அழகா நிக்கும்.

18×9.5 +38: ஒன்றரை அங்குலத்தில பாதி 19, ஆஃப்செட் 17. வெளியே 36 மி.மீ., உள்ளே 2 மி.மீ. குறையும். 36 மி.மீ. சின்ன விஷயமில்ல. படத்தில பார்க்கிற வண்டியில பெரும்பாலும் 255 அல்லது 265 டயர் போட்டு, கேம்பரை, அதாவது சக்கரம் நிக்கிற சாய்வை, கூட்டி, ஃபெண்டர் உதட்டை உருட்டி வச்சிருப்பாங்க. முன்பக்க கேம்பரை ஸ்ட்ரட் மேல் போல்ட்ல கொஞ்சம் மாத்தலாம், பின்னாடி ஸ்டாக் ஆர்ம்ல அதுக்கு வழி இல்ல, வெளி ஆர்ம் வாங்கணும். சஸ்பென்ஷனைத் தொடப் போறதில்லைன்னு சொன்னீங்க. அப்ப 8.5 +45தான் உங்களுக்கு. +48 கிடைச்சாலும் நல்லதே.

டயர் 245/40 ஆர்18. சுபாருவே இந்த மாடல்ல 18 அங்குல வீலுக்குக் கொடுக்கிற சைஸ் அது. விட்டம் 653 மி.மீ., உங்க 643-ஐ விட ஒன்றரை சதவீதம் கூட. ஸ்பீடோ 100 காட்டறப்ப முன்னை விட ஒன்றரை கி.மீ. கூடுதலாப் போவீங்க, அவ்வளவுதான். 235/40 கணக்குக்கு இன்னும் நெருக்கம், வெறும் 0.3 சதவீதம்தான் கூட, ஆனா பக்கச் சுவர் 94-க்கு இறங்குது. பள்ளத்துக்கு பயந்து 19-ஐ விட்டுட்டு இங்க 4 மி.மீ.யை ஏன் விடணும்? வாங்கும்போது லோடு இண்டெக்ஸைப் பாருங்க. பழைய டயர்ல 94, அதாவது 670 கிலோ. 245/40-ல 93-ம் கிடைக்கும், அது 650 கிலோதான். 97 எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கற வகை) கேளுங்க, 730 கிலோ. எக்ஸ்எல் டயருக்கு அதே எடையைத் தாங்கக் காற்று கொஞ்சம் கூட வேணும், கதவு ஸ்டிக்கர்ல இருக்கிறதோட 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. சேர்த்துக்குங்க.

மாட்டும்போது: சுபாரு ஹப் (வீல் உட்காரற அச்சு முனை) 56.1 மி.மீ., வெளி அலாய்ல நடுத்துளை பெரும்பாலும் 73.1. நடுவில 73.1-லிருந்து 56.1-க்கு ஹப் ரிங் (அந்த இடைவெளியை அடைக்கிற வளையம்) நாலு வேணும். அது இல்லாம இறுக்கினா வீல் ஒரு மயிரிழை விலகி உட்காரும், 100-110-ல ஸ்டியரிங் உதறும். பேலன்ஸிங் மேல பழி போட்டு மூணு தடவை கடைக்கு அலையறவங்க நிறைய. ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால துருப் போகத் தேய்க்கச் சொல்லுங்க. நட்டைக் கையால திருகி எத்தனை சுற்று ஏறுதுன்னு எண்ணுங்க, குறைஞ்சது 8 முழுச் சுற்று. அப்புறம் நட்சத்திர வரிசையில முதல்ல 60 நியூட்டன் மீட்டர், வண்டியை இறக்கி 120. ஸ்டட்ல எண்ணெயோ கிரீஸோ கூடாது, அதே 120-க்கு ஸ்டட் அதிகமா இழுபடும். 80-100 கி.மீ. ஓடினதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வச்சுப் பாருங்க. புது அலாய்ல கூம்பு படியறதால கொஞ்சம் தளரும்.

நாலு டயரையும் மாட்டினப்புறம் சுற்றளவை ஒரு தடவை அளந்து வைங்க. எல்லாத்திலும் ஒரே காற்று, சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கணும். தையல் டேப் 150 செ.மீ.தான், பத்தாது. நூல் இழுபடும். பெயின்டர் ஒட்டற காகித டேப்பை டயர் நடுவில ஒரு சுற்று சுற்றி, சேர்ற இடத்தில வெட்டி, தரையில விரிச்சு அளந்தா மி.மீ. வரைக்கும் வந்துடும்.

எக்ளின்டன்_சில்லு (ஸ்கார்பரோ)

ஹப் ரிங் பற்றி ஒரு சொல்லு. தினசரி ஓடுற காருக்கு நான் பிளாஸ்ரிக் ரிங்தான் சொல்லுவன். அலுமினியம் உறுதியானதுதான், ஆனால் இஞ்சத்தை உப்புக்கு ஹப்போடை ஒட்டிப் போகும். வருஷத்துக்கு ரண்டு தரம் சில்லு மாத்தேக்கை சுத்தியலாலை அடிச்சுக் கழட்ட வேண்டி வரும். ரேஸ் ஓடுதளத்திலை பிரேக் சிவக்கச் சிவக்க ஓடுறவைக்கு மட்டும் அலுமினியம். எதைப் போட்டாலும் ஹப்பின்ர உதட்டிலை அன்ரி-சீஸ் (துருவேறி ஒட்டாமல் தடுக்கிற பசை) மெல்லிசாப் பூசுங்கோ, ஸ்ரட்டிலை படாமல்.

ஃபெண்டர் உருட்டிறதையும் மறந்து விடுங்கோ. சூடு காட்டி உருட்டினாலும் உள் மடிப்பிலை பெயின்ற் மயிர்க் கோடாய் வெடிக்கும். உப்பு அதுக்குள்ளை போனால் ரண்டு பனிக்காலத்திலை மண்ணிறமாய்ப் பொங்கி வரும்.

17-க்குத் திரும்பி வாறன். அதிலை 235/45 ஸ்னோ ரயர் நாலு, மலையும் பனித்துகளும் போட்ட அடையாளம் இருக்கிறது. கோடை ரயர் 7 பாகைக்குக் கீழை இறுகிப் போகும், நாலு சில்லு இழுக்கிறது புறப்பட உதவும், நிக்க உதவாது. கியூபெக்கிலை பதிவான காருகளுக்கு ஸ்னோ ரயர் டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்ராறியோவிலை கட்டாயமில்லை, ஆனால் காப்புறுதிக்காரரிட்டைச் சொன்னால் தள்ளுபடி தரவேணும். கோடைக்கும் பனிக்கும் சுற்றளவு வித்தியாசமாய் இருந்தால் பயமில்லை, ஒரு நேரத்திலை நாலும் ஒண்டாய் இருந்தால் சரி.

ஒரு ரயர் மட்டும் பழுதானால், அதே மொடல் புதுசு ஒண்டை வாங்கி மற்ற மூண்டின்ர அளவுக்கு ரப்பரைச் சீவித் தாற இடங்கள் இருக்கு. மற்ற மூண்டிலையும் நல்ல பட்டன் (தேயாத ரப்பர்) மிஞ்சியிருந்தால் அதுதான் லாபம்.

மாட்டின முதல் நாளே பின் சீற்றிலை ரண்டு பேரை இருத்தி, ஸ்ரியரிங்கை ரண்டு பக்கமும் முழுசா வெட்டி, ஒரு ஸ்பீட் பம்ப் ஏறி இறங்குங்கோ. பிறகு ரோர்ச் அடிச்சு சில்லுக்கு மேலை இருக்கிற பிளாஸ்ரிக் மறைப்பை, உள் லைனரைப் பாருங்கோ. தூசி படிஞ்ச கறுப்பிலை எங்கையாவது துடைச்ச மாதிரி மினுக்கமாய் இருந்தால் அங்கை ரயர் தட்டுது. முன்னுக்கு லைனரின்ர பின்மூலை, பின்னுக்கு பம்பர் ஃபெண்டரோடை சேர்ற ஸ்குரூ. 8.5 +45-க்குத் தட்டாது, ஆனாலும் பார்த்திட்டு அலைன்மென்றுக்குப் போங்கோ.