பேட்டில் சிட்டியும் அண்ணன் சுட்ட குண்டும்: கேசட் கால அனுபவங்கள்

மலையடிவாரம் எழுதியது:

கழுகுச் சின்னத்தை எதிரி டேங்குகள் சுட்டுவிடாமல் நம் டேங்கால் காக்கும் பேட்டில் சிட்டி விளையாட்டை இருவராக விளையாடியவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது தொண்ணூறுகளின் இறுதியில் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த டிவி கேம் பெட்டி. அதனுடன் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்ட கேசட்டும் வந்தது. அதில் உண்மையில் எத்தனை விளையாட்டுகள் இருந்தன என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அண்ணனுக்கு மஞ்சள் டேங்க், எனக்குப் பச்சை.

அன்று கழுகைச் சுற்றியிருந்த செங்கற்கள் எல்லாம் உடைந்துவிட்டன. எதிரியின் இருபது டேங்குகளில் கடைசி ஒன்றுதான் மிச்சம், அதுவும் நான்கு குண்டு வாங்கினால்தான் வெடிக்கும் கனத்த வகை. மூன்று அடி வாங்கிய பிறகும் அது நடுவில் நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது கடைசி உயிர். கழுகின் தலைக்கு மேலே போய் நின்ற நான், குண்டு வருவதைக் கண்டதும் விலகத் திரும்பினேன். அந்த நொடியில் இடப்பக்கம் நின்ற அண்ணனின் குண்டு என்மீது பட்டது. தோழர் சுட்டால் டேங்க் வெடிக்காது, சிமிட்டியபடி அசையாமல் நின்றுவிடும் என்பதை அறிவீர்கள். நான் அப்படியே நின்றேன், எதிரியின் குண்டு என்னை வெடிக்கச் செய்தது, கழுகு பிழைத்தது. அண்ணன் உள்ளே புகுந்து மிச்சமிருந்த ஒரே அடியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிலைக்குத் தனியாகப் போனான். அவன் என்னை வேண்டுமென்றே அங்கே நிறுத்தி வைத்தானா? கேட்டால் இன்றும் சிரிக்கிறானே தவிர, பதில் சொல்வதில்லை.

பனங்காட்டான் எழுதியது:

சகோதரி, உங்கள் அண்ணன்மீது பழி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திரையில் அவ்வப்போது தோன்றும், டேங்கின் வலிமையைக் கூட்டும் நட்சத்திரத்தை எடுக்காத டேங்க் ஒரு நேரத்தில் ஒரே குண்டைத்தான் சுட முடியும். அது எதிலாவது மோதி மறையும்வரை அடுத்த குண்டு கிளம்பாது. முதல் நட்சத்திரம் குண்டின் வேகத்தைத்தான் கூட்டும், இரண்டாவது எடுத்தால்தான் இரண்டு குண்டுகள் கிடைக்கும், மூன்றாவதில் இரும்புச் சுவரும் உடையும். கழுகு போய்விடும் என்ற பதற்றத்தில் இருப்பவர் கையிலுள்ள ஒரே குண்டைத் தங்கைமீது செலவழிக்கத் துணிய மாட்டார். கட்டைவிரல் பொத்தானிலிருந்து எழாமலேயே டேங்கைத் திருப்புவது நம் எல்லோருக்கும் இருந்த பழக்கம்தான்.

என் அனுபவம் சிறியது. நானும் என் சித்தப்பா மகனும் ஒரு கோடை விடுமுறையில் 35ஆம் நிலையைக் கடந்தோம். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தெருப் பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். வந்தது முதல் நிலையின் அதே வரைபடம், எதிரிகள் மட்டும் கடுமையானவர்கள். முடிவே இல்லாத விளையாட்டு அது என்பதை அந்தக் கூட்டத்துக்கு விளக்க வேண்டிய பொறுப்பு எங்கள்மீது விழுந்தது, எவரும் எங்களை நம்பவில்லை.

சதுரங்கன் எழுதியது:

பனங்காட்டான் ஐயாவின் கணக்கு பாதிதான் சரி. தூரத்து இலக்கைச் சுட்டால்தான் அடுத்த குண்டுக்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரைச் சுட்டால் குண்டு உடனே மறைந்துவிடும், அடுத்தது உடனே தயாராகிவிடும். எதிரி மேலிருந்து இறங்கும்போது அண்ணன் வலப்பக்கம் பார்த்துச் சுட்டிருக்கிறார் என்றால் அது நன்கு கணக்கிட்ட குண்டு என்றே நான் நினைக்கிறேன். அது துரோகமும் அல்ல. கழுகைக் காக்க வேறு வழி இருக்கவில்லை.

என்னை உறுத்துவது, திரையில் பறக்கும் வாத்துகளைத் துப்பாக்கியால் சுடும் டக் ஹன்ட். சில ஆண்டுகளுக்கு முன் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, புதிய தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்து, மகளிடம் துப்பாக்கியைக் கொடுத்தேன். படம் வந்தது, வாத்துகள் பறந்தன, ஆனால் அவள் திரையில் துப்பாக்கியின் முனை படும்படி நின்று சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. நாய் புல்லுக்குப் பின்னிருந்து எழுந்து சிரித்தது. “நீங்கள் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னதெல்லாம் கதையா, அப்பா?” என்று அவள் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையில் அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை, அது ஒளியைப் பார்க்கும் கருவி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருளும் பிறகு வெளிச்சமும் சரியான நொடியில் துப்பாக்கியின் உள்ளே தெரிந்தால்தான் வாத்து விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தை அக்கணமே வரைந்துவிடும், புதிய தட்டைத் திரையோ சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். விளக்கம் அவளுக்குப் புரிந்தது, வாத்து விழுவதை அவள் பார்க்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

வெண்கலமணி எழுதியது:

மாரியோவின் முதல் நிலை இசையைக் கைப்பேசியில் கேட்டபோது அது ஓடுவதுபோல் இருந்தது. ‘நம் வீட்டில் இவ்வளவு வேகமாகப் போனதே இல்லை’ என்றேன், நினைவு ஏமாற்றுகிறது என்று நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். நினைவு ஏமாற்றவில்லை. நாம் வைத்திருந்த பெட்டிகள், 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அங்கே தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும், நமது தொலைக்காட்சிகளின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு அமைப்பில் 50 முறைதான். 1985இல் வந்த மாரியோவில் ஒவ்வோர் அசைவும், கோஜி கோண்டோ அமைத்த இசையின் ஒவ்வோர் அடியும், அந்தப் புதுப்பிப்பை எண்ணியே நகர்கின்றன. ஆகவே இங்கே எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. சுருதி பெரிதாக மாறாமல் தாளம் மட்டும் தளர்ந்ததால், எவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. ஜப்பானியச் சிறுவன் தாவிய பள்ளத்தை நாம் சற்று நிதானமாகத் தாவினோம். என் காதுக்கு அந்த நிதானமான மாரியோதான் இன்றும் அசல்.

ஆற்றங்கரை எழுதியது:

இருவர் சேர்ந்து சுட்டபடி முன்னேறும் கான்ட்ரா விளையாட்டின் மூன்றாம் நிலை, அருவி. ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரை அவருடன் ஏறும், கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து சாவார். என் நண்பன் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தான், நான் விழுந்துகொண்டே இருந்தேன். சதுரங்கன் சொல்வதுபோல அதையும் கடமை என்று எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவோருக்கு ஒரு வார்த்தை. கேசட்டில் வாயால் ஊதாதீர்கள். அன்று ஊதியதால் படம் வந்ததாக நாம் நம்பினோம். வெளியே எடுத்து மீண்டும் செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உராய்ந்ததே படம் வரக் காரணம். மூச்சின் ஈரம் செம்பு முனைகளில் தங்கிக் களிம்பேற்றும். மருந்துக் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, முனைகளை மேலிருந்து கீழாகத் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை பஞ்சை மாற்றுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அது மேற்பூச்சையே சுரண்டிவிடும். முற்றும் உலர்ந்த பிறகே செருகுங்கள்.

அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைச் சொருகாதீர்கள். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவையும், முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்ற குறியையும் பாருங்கள். ஃபேமிகாமில் நடு முனை எதிர்மின், நகல்களில் இரண்டு விதமும் உண்டு. குறி அழிந்திருந்தால் மின்னணுப் பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இணையுங்கள்.